ஹார்டு டிஸ்க் காணோமா? 'ஃபார்மட்' கொடுத்துடாதீங்க!

இ-சேவை மையத்துக்குக் கிளம்பும் நேரம். கம்ப்யூட்டரைத் திறந்தால், மார்க்‌ஷீட், பட்டா எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்த டிரைவையே காணோம்! பதறாதீங்க. வண்டியூர் தெப்பக்குளம் பக்கம் உள்ள சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டு ஓடும் முன், வீட்டிலேயே இதைப் பாருங்க.

1. கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கின் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றி மாட்டுங்க. வெளியே செருகும் டிஸ்க் என்றால் வேறு கேபிள், வேறு யுஎஸ்பி போர்ட்டில் முயலுங்க.

2. விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்க. டிரைவ் இருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' மூலம் ஓர் எழுத்து கொடுத்தால் போதும்.

3. 'இனிஷியலைஸ்', 'ஃபார்மட்' என்று கேட்டால் ஓகே கொடுக்காதீங்க. உள்ளே இருப்பதை மீட்பது சிரமமாகிவிடும்.

4. பயாஸிலும் டிஸ்க் தெரியவில்லையா, 'டிக் டிக்' சத்தம் வருதா? உடனே அணைத்துவிட்டு, டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் கொடுங்க.

டிஸ்க் போனாலும் ஆவணம் போகாது. 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கர் செயலியில் எடுக்கலாம். அதில் வழங்கப்படும் ஆவணங்கள், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அசலுக்குச் சமம். பட்டாவை அரசின் நில ஆவண இணையதளத்தில் பார்க்கலாம். குடும்ப போட்டோவுக்குத்தான் அப்படி வழியில்லை; அதற்கு இன்றே இன்னொரு பிரதி எடுத்து வைங்க.