யாழ்ப்பாணத்து வளவு வேலிகள்

யாழ்ப்பாணத்து வளவு வேலிகள் என்பன, இலங்கையின் வடபகுதியிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில், வீடும் அதனைச் சார்ந்த தோட்டமும் அமைந்துள்ள காணித்துண்டைச் சுற்றி அமைக்கப்படும் எல்லைத் தடுப்புக்கள் ஆகும். இத்தகைய காணித்துண்டு அங்கே வளவு என்று அழைக்கப்படுகின்றது. பனையோலை, கிடுகு, பனைமட்டை முதலியவற்றால் அடைக்கப்படும் வேலிகளும், வேர்விட்டு வளரும் கதியால்களைக் கொண்ட உயிர்வேலிகளும் மரபுவழி வேலிகளாகும். முட்கம்பி, தகரம், வலைக்கம்பி, சீமெந்து மதில் என்பன பிற்காலத்தில் இவற்றுடன் சேர்ந்துகொண்டன. ஒரு வளவின் நான்கு பக்கங்களிலும் ஒரே வகை வேலி இருப்பது மிகவும் அரிது. ஒவ்வொரு பக்கத்தின் தேவையும் வேறுபடுவதே இதற்குக் காரணமாகும்.

வேலியின் பயன்கள்

கட்டாக்காலி மாடுகளும் ஆடுகளும் தோட்டத்துக்குள் புகாமல் தடுப்பது வேலியின் வெளிப்படையான பயன். எனினும் குடாநாட்டில் அதற்கு இணையான முக்கியத்துவம் மறைப்புக்கும் உண்டு. சமையல் வேலைகளிற் பலவும் குளிப்பதும் திறந்த வெளியில், கிணற்றடியிலும் கோடியிலும் நடைபெற்றமையால், வீதியிலிருந்தோ அயல் வளவிலிருந்தோ பார்வை விழாதபடி வேலி அமையவேண்டியிருந்தது. இரண்டு வளவுகளுக்குப் பொதுவான பங்குக் கிணறு எல்லையில் இருந்தால், வேலி கிணற்றுக்கட்டு வரை வந்து நின்றுவிடும்.

மூன்றாவது பயன் காற்றைத் தணித்தல். ஆண்டின் நடுப்பகுதியில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வரண்ட மண்ணை அள்ளிவரக் கூடியது. காற்று ஓரளவு ஊடுருவிச் செல்லக்கூடிய வேலி அதன் வேகத்தைக் குறைத்து, வேலியின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குப் பயிரைக் காக்கின்றது. முழுவதும் மூடிய மதில் காற்றை மேலே திருப்பிவிட, அது மறுபுறத்தில் சுழன்று இறங்குகின்றது. மதிலோரமாகக் கத்தரி, மிளகாய் நடுபவர்கள் இதைக் கருத்திற் கொள்வது நல்லது.

ஓலை வேலிகள்

பனை மிகுந்த பகுதிகளில் பனையோலையும், தென்னை மிகுந்த பகுதிகளில் கிடுகும் வேலி அடைக்கப் பயன்பட்டன. கிடுகு என்பது தென்னோலையைப் பின்னிச் செய்வது. நாட்டிய கதியால்களுக்குக் குறுக்கே வரிச்சுத் தடிகளைக் கட்டி, அவற்றின்மேல் ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்று சிறிது படியும்படி வைத்து, வெளிப்புறத்திலும் வரிச்சு கொடுத்து இறுக்குவர். வேலிக்கு இருபுறமும் ஒவ்வொருவர் நின்று கயிற்றை மாற்றி மாற்றி வாங்கிக் கட்டவேண்டியிருப்பதால், தனி ஒருவர் ஓலை வேலி அடைப்பது கடினம். அதனால் எல்லை வேலி அடைக்கும் நாளில் ஆட்கள் அயல் வளவுக்குள்ளும் போய்வர வேண்டியிருந்தது. அயலவருடன் பேச்சு வார்த்தை இல்லாதவர்களுக்கு இது பெரும் சங்கடம்.

கறையானும் மழையும் ஓலையை விரைவில் அழித்துவிடுகின்றன. அடிப்பகுதி முதலில் உக்கும். கோழி நுழையும் பொட்டு அங்கேதான் தோன்றும். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓலை மாற்றவேண்டியிருப்பது இவ்வேலியின் பெருங்குறையாகத் தோன்றலாம். ஆனால் பிரித்தெடுத்த பழைய ஓலை வீணாவதில்லை. அது தோட்ட மண்ணில் தாழ்க்கப்பட்டுப் பசளையாகின்றது. சுண்ணாம்புக்கல்லின்மேல் மெல்லிய மண்படை மட்டுமே உள்ள வலிகாமம் போன்ற இடங்களில் இப்பசளைக்கு மதிப்பு உண்டு. பனைமட்டைகளை நெருக்கமாக நிறுத்திக் கட்டும் மட்டை வேலி ஓலையைவிட நீண்ட காலம் நிலைக்கும். மறைப்பு சற்றுக் குறைவு.

கதியால்களும் உயிர்வேலியும்

கதியால் என்பது வேலியில் நாட்டுவதற்காக வெட்டப்படும் தடி. ஆளுயரத்துக்கு அண்மையான நீளத்தில், மணிக்கட்டுப் பருமனுக்குக் குறையாமல் வெட்டி, ஓரிரு அடி இடைவெளியில் நாட்டுவது வழக்கம். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாட்டினால் நீர் ஊற்றாமலேயே வேர்விடும். கோடையில் நாட்டிய கதியாலில் முதலில் துளிர் தோன்றினாலும், தடியிலுள்ள சேமிப்பு முடிந்ததும் பட்டுப்போவதுண்டு. எனவே துளிரைக் கண்டு கதியால் பிடித்துவிட்டது என்று முடிவு செய்யலாகாது.

எந்த மரத்தின் கதியாலை நாட்டுவது என்பதே உயிர்வேலியில் முதன்மையான தெரிவு. கிளுவை மெதுவாக வளர்வது, வரட்சியைத் தாங்குவது, முள் உடையது. பெரிதாகப் பருக்காமையால் எல்லைக்கோடு நெடுங்காலம் கோடாகவே இருக்கும். ஆனால் கோடையில் இலை உதிர்த்துவிடுவதால், மறைப்பு வேண்டிய பக்கத்தில் கிளுவையுடன் ஓலையும் கட்டவேண்டும். பூவரசு இதற்கு நேர்மாறானது. நிழல், பசளைக்கான குழை, தளபாடத்துக்கேற்ற மரம் எல்லாம் தரும். வெட்டாமல் விட்டால் பெருமரமாகி, இரண்டு அடி அகலத்தை அடிமரம் ஒன்றே எடுத்துக்கொள்ளும். அதன் பின்னர் எல்லை மரத்தின் எந்தப் பக்கம் என்பது பேசித் தீர்க்கவேண்டிய விடயமாகிவிடும்.

முள்முருக்கு எளிதில் வேர்விடும். அதன் குழை ஆட்டுக்கு உணவு. திருமண வீடுகளில் கன்னிக்காலாக நாட்டப்படுவதும் முருக்கே என்பதால், வேலியில் ஒன்றிரண்டாவது இருப்பது வசதி. மரம் மென்மையானதாகையால் முட்கம்பியை இழுத்து அறைவதற்கு ஏற்றதல்ல. 2004 ஆம் ஆண்டில் அறிவியல் விளக்கம் பெற்ற ஒரு மிகச் சிறிய குளவியினம், முருக்கின் இலைகளிலும் காம்புகளிலும் கழலைகளை உண்டாக்கி, ஆசிய நாடுகள் பலவற்றில் இம்மரத்தைப் பெரிதும் பாதித்தது. ஆகவே வேலி முழுவதையும் முருக்கினால் மட்டும் அமைப்பது அறிவுடைமையாகாது.

சீமைக்கிளுவை நடு அமெரிக்காவிலிருந்து வந்த மரம். பெயர் ஒத்திருப்பினும் கிளுவையுடன் இதற்கு உறவு இல்லை. இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுக்களில் வாழும் பாக்டீரியாக்களின் உதவியால் வளியிலுள்ள நைதரசனைப் பயன்படுத்துவதால், இதன் குழை சிறந்த பசும்பசளை ஆகின்றது. ஆடுமாடுகள் பழகிய பின் விரும்பி உண்ணும். ஆனால் குதிரைகளுக்கு ஆகாது. எலிகளுக்கும் நஞ்சு என்பதை இதன் தாவரவியற் பெயரே குறிப்பிடுகின்றது. குழைக்காக அடிக்கடி வெட்டாவிட்டால் தோட்டத்துக்கு வரும் வெயிலை மறைத்துவிடும். ஆடு வளர்க்காத வீட்டில் இந்த வேலி ஒரு சுமை என்றே கூறலாம்.

எல்லை நகர்தல்

பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதியதை நாட்டும்போது, பழைய குழியில் வேர்க்கட்டை இருப்பதால் சற்று விலத்தி நாட்டவேண்டி வரும். எந்தப் பக்கமாக விலத்துவது என்பதிலேயே சிக்கல் தொடங்குகின்றது. நாலைந்து அங்குலம் யார் கண்ணுக்கும் தெரியாது. சில முறை மாற்றிய பின் அது ஓர் அடியாகின்றது. 100 அடி நீளமான எல்லையில் ஓர் அடி நகர்ந்தால் 100 சதுர அடி நிலம் கைமாறும். குடாநாட்டில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 18 குழி. ஒரு குழி ஏறத்தாழ 151 சதுர அடி. எனவே இழப்பு ஒரு குழியில் மூன்றில் இரண்டு பங்கு அளவாகும். வளவுகளே இரண்டு மூன்று பரப்பாகச் சுருங்கிவிட்ட ஊர்களில் இது சிறிய விடயமல்ல. வேலிச் சண்டைகள் தலைமுறை தாண்டித் தொடர்வதற்கும் வழக்குகளாவதற்கும் இத்தகைய அங்குலங்களே காரணமாயின. சில இடங்களில் இரு வீட்டாரும் சேர்ந்து நின்று, மூலைக் கற்களுக்கிடையே கயிறு கட்டி, அதன்படி கதியால் நாட்டுவர். இதைவிட மலிவான பாதுகாப்பு வேறில்லை.

மறுபுறத்தில், அதே உயிர்வேலி நிலத்தின் சாட்சியாகவும் அமைவதுண்டு. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் காணிகளில் ஒரு பகுதி, 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. வீடுகளும் வேலிகளும் இடித்துச் சமப்படுத்தப்பட்டிருந்த இடங்களில், உறுதியும் நில அளவைப் படமும் இல்லாமல் எல்லையை அறிய முடியவில்லை. எஞ்சிநின்ற பூவரசும் பனையும் கிணறும் அடையாளங்களாயின.

மதில்களின் வருகை

1990களில் வடபகுதி மீது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சீமெந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாக இருந்தது. வசதி உள்ளவர்களும் அக்காலத்தில் ஓலையையும் கதியாலையுமே நம்பியிருக்க நேர்ந்தது. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னரும், பின்னர் 2009 ஆம் ஆண்டுக்குப் பின்னரும், வெளிநாடுகளிலுள்ள உறவினர் அனுப்பிய பணத்தின் துணையுடன் மதில்கள் பெருகின. மதில் நகர்வதில்லை, ஆண்டுதோறும் ஆள் தேடவேண்டியதுமில்லை. ஆனால் குழையும் பசளையும் தராது. பிழையான கோட்டில் எழுப்பப்பட்டுவிட்டால் திருத்துவதும் எளிதல்ல. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறுகள் இல்லாமையால் மழைநீர் வளவுகளுக்கூடாகவே தாழ்நிலங்களையும் குளங்களையும் நோக்கி வழிகின்றது. ஓலை வேலி இதைத் தடுத்ததில்லை. மதில் கட்டுவோர் அடியில் நீர் வெளியேறும் துளைகளை விடவேண்டும். 2008 நவம்பரில் நிசா புயலுடன் பெய்தது போன்ற மழையின்போது, துளையற்ற மதிலுக்குள் தேங்கும் நீர் தோட்டத்தை மட்டுமன்றி மதிலின் அத்திவாரத்தையும் கெடுக்கும்.

தெரிவு

வீதிப் பக்கத்துக்கு மதிலோ மட்டை வேலியோ பொருந்தும். கிணற்றடிப் பக்கத்துக்குக் கதியாலுடன் ஓலை அல்லது தகரம் வேண்டும். தகரம் வெயிலில் சூடேறுவதால் அதனை ஒட்டிக் கீரைப் பாத்தி அமைக்காமல் விடலாம். தோட்டத்தின் சோளகக் காற்று வரும் பக்கத்துக்குச் சீமைக்கிளுவையும், அயலவருடன் எல்லை குறித்துக் கருத்து வேறுபாடு உள்ள பக்கத்துக்குக் கிளுவையும் ஏற்றவை. முட்கம்பி இழுப்பதானால் கதியால்கள் நன்கு வேர்விடும்வரை ஓராண்டாவது பொறுத்து, பின்னரே இறுக்கவேண்டும். இல்லாவிடில் மூலைக் கதியால்கள் உள்நோக்கிச் சாய்ந்துவிடும். உயிருள்ள மரத்தில் நேரடியாக அறைந்த கம்பியை மரப்பட்டை நாளடைவில் மூடிவிடும். பின்னர் அந்த மரத்தை அரிபவரின் வாள் உடையாமலிருக்க, கம்பியைக் கதியாலில் கயிற்றால் கட்டுவதும் உண்டு.