போடி மலைச்சாரலில் வெப்பநிலைக் குறைவு வீதம்

வெப்பநிலைக் குறைவு வீதம் என்பது உயரம் கூடக்கூட வளிமண்டலத்தின் வெப்பநிலை குறையும் அளவாகும். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து மலைச்சாலையில் போடிமெட்டுக்குச் செல்பவர்கள் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறார்கள். சமவெளியின் வெக்கை மறைந்து குளிர் தொடங்குவதற்கு இந்த உயர வேறுபாடே முக்கியக் காரணம்.

காரணம்

சூரிய ஒளி பெரும்பாலும் தரையையே சூடாக்குகிறது. தரையை ஒட்டியுள்ள காற்று அதனால் சூடாகி மேலெழுகிறது. மேலே அழுத்தம் குறைவதால் காற்று விரிவடைகிறது. அதற்கான ஆற்றலை வெளியிலிருந்து பெறாமல் தன் அக ஆற்றலிலிருந்தே செலவிடுவதால் அது குளிர்கிறது. இது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு எனப்படும்.

கணக்கீடு

உலர்ந்த காற்றின் குறைவு வீதத்தை இரண்டே எண்கள் தீர்மானிக்கின்றன:

குறைவு வீதம் = புவியீர்ப்பு முடுக்கம் ÷ மாறா அழுத்தத்தில் காற்றின் தன்வெப்ப ஏற்புத்திறன்

ஒரு கிலோகிராம் காற்று ஒரு மீட்டர் உயர்ந்தால் அதன் நிலையாற்றல் 9.8 ஜூல் கூடும். அதன் வெப்பநிலை 1 பாகை மாற 1,005 ஜூல் தேவை. ஆகவே 9.8 ÷ 1,005 = மீட்டருக்கு 0.0098 பாகை, அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.8 பாகை செல்சியஸ்.

ஈரக்காற்றில் நீராவி நீர்த்துளிகளாக மாறும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படும். எனவே வெதுவெதுப்பான ஈரக்காற்று மேகமாகும்போது கிலோமீட்டருக்கு 4 முதல் 5 பாகை மட்டுமே குளிரும். வளிமண்டலத்தின் பொதுச் சராசரி 6.5 பாகை.

மழை மறைவு

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கத்திலிருந்து மலையேறுகிறது. எடுத்துக்காட்டாக, 400 மீட்டர் உயரத்தில் 23 பாகையில் மேகமாகத் தொடங்கும் காற்று, 1,400 மீட்டர் முகட்டை அடையும்போது 4.5 பாகை குளிர்ந்து 18.5 பாகையாகும். வழியிலேயே மழையைப் பொழிந்துவிட்டு, போடி பக்கம் உலர்ந்த காற்றாக 1,000 மீட்டர் இறங்கும்போது அது அழுத்தப்பட்டு 9.8 பாகை சூடாகும். மீண்டும் 400 மீட்டருக்கு வரும்போது அதன் வெப்பநிலை 28.3 பாகை. அதே உயரம், அதே காற்று. ஆனால் 5 பாகைக்கு மேல் வெப்பம் கூடியிருக்கும், ஈரமும் குறைந்திருக்கும். அந்தப் பருவத்தில் முகட்டில் சாரல் விழ, அடிவாரம் வறண்டு கிடப்பது இதனால்தான்.

ஏலக்காயும் உயரமும்

மர நிழலும் ஈரமும் மிதமான குளிரும் வேண்டும் ஏலச்செடி, பெரும்பாலும் 600 முதல் 1,200 மீட்டர் வரையுள்ள சரிவுகளில் வளர்கிறது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏல மையம் உள்ள போடியில் ஏலக்காய் விற்பனையாகிறது. விளைவதோ மேலேயுள்ள மலைகளில்.

சராசரி வீதமான 6.5 பாகையைக் கொண்டு கணக்கிட்டால், காலநிலை 1 பாகை வெப்பமடையும்போது பழைய வெப்பநிலையைப் பெற ஏறத்தாழ 150 மீட்டர் மேலே செல்ல வேண்டும். தோட்டங்களை அப்படி நகர்த்த இயலாது. மலைக்கும் ஒரு முகடு உண்டு. நிழல் மரங்களைப் பேணுவதும் மண்ணின் ஈரத்தைக் காப்பதும் ஏலத்தோட்டங்களுக்கு இன்றியமையாதவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.