ராஜபாளையம் நாய்க்குட்டி ஏன் துடைத்த இடத்திலேயே மறுபடி ஒன்றுக்குப் போகிறது?

தண்ணீர் விட்டுத் துடைத்தாயிற்று. அப்புறமும் அதே மூலை! ஏன்?

நம் மூக்குக்கு மறைந்த வாடை அதன் மூக்குக்கு மறைவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால் பால்கோவா மணம் உங்களைக் கடைக்கு இழுக்கிறதல்லவா? அப்படித்தான் அந்த வாடை குட்டியை அதே மூலைக்கு இழுக்கிறது. என்சைம் கலந்த திரவத்தால் துடைத்தால் வாடைக்குக் காரணமான பொருளே சிதைந்துவிடும்.

சரி, அடக்க முடியாதா? இரண்டு மாதக் குட்டிக்குச் சிறுநீர்ப்பை சிறிது. அதை இறுக்கும் தசையும் இன்னும் பழகவில்லை. வயிறு நிறைந்ததும் குடலும் அசையத் தொடங்கும்.

ஆகவே தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடியதும் வெளியே கூட்டிப்போங்கள். தினமும் ஒரே இடம். முடித்த உடனே செல்லமாக ஒரு தட்டு, ஒரு பாராட்டு.

இரவில்? படுக்கும் இடத்தை அசுத்தமாக்க நாய்க்குப் பிடிக்காது. உங்கள் கட்டிலருகே சிறிய படுக்கை போடுங்கள். முனகினால் எழுந்து வெளியே கூட்டிப்போங்கள். தவறிப் போனதற்கு அதட்டினால், ஒளிந்து ஒன்றுக்குப் போகத்தான் கற்றுக்கொள்ளும்.