பம்ப் போச்சா? கொஞ்சம் பொறுங்கள்!

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. கிரிவலம் வரும்போது ஆதி அண்ணாமலையார் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். பாதையை விட்டு உள்ளே இறங்கினால் கொல்லையும் கழனியும்தான். மல்லாட்டை விதைப்பு நேரத்தில் ஒரு மினி டிராக்டர் இரண்டு நாள் நின்றால் போதும், மண்ணின் ஈரம் காய்ந்துவிடும். அதனால் ஹைட்ராலிக் தூக்கவில்லை என்றதும் எல்லோருக்கும் பதற்றம். உடனே ஒரு தீர்ப்பு வரும்: "பம்ப் போச்சு!" கழற்றி மாட்டும் கூலியோடு பார்த்தால் அதுதான் பெரிய செலவு. அதற்கு முன்னால் என்னென்ன பார்க்கலாம் என்பதே இக்கட்டுரை.

முதலில், கலப்பை எப்படி எழுகிறது? பம்ப் அடியில் உள்ள ஆயிலை உறிஞ்சி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பிஸ்டன் நகர்ந்து தூக்கும் கைகளை மேலே ஏற்றுகிறது. கார் டயரில் காற்று சுமார் 2 பார் அழுத்தத்தில் இருக்கும். இங்கே 150 பார் என்பது சாதாரணம். 80 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டனுக்குப் பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ. பெருக்கிப் பாருங்கள், ஏழரை டன் விசை! பிஸ்டன் நகர்வது கொஞ்சம், கலப்பை எழுவது அதிகம். ஆகவே நெம்புகோல் கணக்குப்படி முனையில் கிடைப்பது அதில் சிறு பங்குதான். இதில் நம் புத்தகம் சொல்லும் ஒரு விஷயம் முக்கியம். பம்ப் தருவது ஓட்டம் மட்டுமே. எதிர்ப்பு இருந்தால்தான் அழுத்தம் ஏறும். வழியில் எங்கே கசிந்தாலும் பம்ப் புதுசாக இருந்தும் பிரயோஜனமில்லை.

ஆக, முதலில் ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்தி அளவுக்கோலை உருவிப் பாருங்கள். அளவு குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும், ஆயில் நுரைக்கும். டீயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். கழனியில் சேடை ஓட்டும் வண்டிகளுக்கு இது அடிக்கடி வரும்; சீல் தேய்ந்த இடம் வழியாகச் சேற்றுத்தண்ணி உள்ளே போகிறது. மேலே கொஞ்சம் புது ஆயில் ஊற்றினால் சரியாகாது, முழுசாக வடித்து மாற்ற வேண்டும். பல டிராக்டர்களில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். கியர் தேய்ந்த இரும்புத்தூள் எல்லாம் உறிஞ்சும் வழியிலுள்ள வலையில் போய் அடைக்கும். அடைத்தால் பம்ப் முனகும், தூக்குவதும் மெதுவாகும். வலையைக் கழுவப் பெரிய செலவில்லை.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். எங்கள் சித்தப்பா கடன் வாங்கி ஒரு பழைய மினி டிராக்டர் வைத்திருக்கிறார், வாடகைக்கு ஏர் ஓட்டுகிறார். கலப்பை நிற்காமல் இறங்குகிறது என்றதும் பார்க்க வந்தவர் பம்ப் மாற்றச் சொல்லிவிட்டார். "ஏன்டா, படிக்கிற புள்ள நீ சொல்லு, மாத்தணுமா?" என்றார் சித்தப்பா. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்தன்தான். கேட்டது என்னை இல்லை, நான் படிக்கிற படிப்பை என்று தோன்றியது. கலப்பையை மேலே தூக்கி, லிவரை அப்படியே வைத்து, இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். கலப்பை மளமளவென்று இறங்கியது. இஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். கலப்பையைத் தாங்குவது அப்போது பம்பின் வேலையே இல்லை! உள்ளே அடைபட்ட ஆயில்தான் தாங்குகிறது. அது பிஸ்டன் சீல் வழியாகவோ வால்வு வழியாகவோ ஒழுகுகிறது. பிரித்தபோது பிஸ்டனின் ரப்பர் வளையம் வெட்டுப்பட்டிருந்தது. சில நூறு ரூபாயில் முடிந்தது. மாறாக, இஞ்சின் நின்றும் கலப்பை அப்படியே நின்றால், ஆனால் புதிதாகத் தூக்க மட்டும் திணறினால், அப்போது உறிஞ்சும் பக்கம், ரிலீஃப் வால்வு, கடைசியாகப் பம்ப் என்று சந்தேகப்படலாம். காலையில் நன்றாகத் தூக்கி, சூடானதும் திணறுவது தேய்மானத்துக்கு அடையாளம்; சூட்டில் ஆயில் இளகி இடுக்கெல்லாம் நழுவுகிறது.

பழுதே இல்லாமல் பழுது மாதிரி தெரிவதும் உண்டு. ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் 1936-ல் வந்த பெர்குசன்-பிரௌன் டிராக்டரில் ஹைட்ராலிக் லிஃப்டோடு இழுவைக் கட்டுப்பாட்டையும் சேர்த்து வைத்தார். மண் கெட்டியானால் கலப்பை தானே கொஞ்சம் எழும். நம் மலையடிவாரத்துக் கல் நிலத்துக்கு ஏற்ற ஏற்பாடு! அந்த லிவர் மாறி நின்றால், "கலப்பை பூமியில இறங்கவே மாட்டேங்குது" என்று புகார் வரும். பெர்குசன் வழிவந்த பழைய மாடல்கள் பலவற்றில் பி.டி.ஓ. லிவரைப் போடாவிட்டால் பம்பே சுற்றாது. இதற்காக மெக்கானிக் வீட்டுக்கு ஓடியவர்கள் உண்டு.

நெல் அறுக்கும் பெல்ட் டைப் மெஷின்கள் பலவற்றில் வண்டி நகர்வதே ஆயில் அழுத்தத்தால்தான். வெளிநாட்டுச் சின்ன டிராக்டர்களிலும் இந்த முறை அதிகம். சூடானதும் இழுவை குறைந்தால் அங்கேயும் முதலில் ஆயிலும் ஃபில்டரும்தான்.

கடைசியாக இரண்டு விஷயம். தூக்கி நிற்கும் கலப்பைக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டாதீர்கள். கசிவு எங்கே என்று விரலால் தடவியும் பார்க்காதீர்கள், ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஊசித் துளையில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே வராது. அப்படிப் பட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும்.