அணிலுக்கும் உண்டு கணக்கு!

விஸ்வநத்தத்திலிருந்து மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை. சாம்பல் நிற அணில் வாழும் காடு அது. 1988-ல் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள்.

காட்டு விலங்குகளை எப்படி எண்ணுவது? புலி வரும் தடத்தில் கேமரா வைக்கிறார்கள். ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இராது! அணிலுக்கோ, மர உச்சியில் அது கட்டும் கூட்டைப் பார்க்கிறார்கள்.

அணில் கிளைக்குக் கிளை தாவிப் போகும். நடுவே மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துவிடும். எந்த மரத்தைக் காக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

அந்த மலையில் பளியர்களும் வாழ்கிறார்கள். தேன் எடுப்பது அவர்களுடைய பழைய தொழில். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த உரிமையை ஒப்புக்கொள்கிறது. கணக்கில் அணிலின் கூடு இருக்கட்டும். பளியரின் தேனும் இருக்கட்டும்!