பழைய பாகநூல்களின் மெய்யும் பொய்யும்

தடிமனுங் காய்ச்சலுமாய்க் கிடப்பார்க்கு மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரை படுவான்கரை என்னும் வேறுபாடின்றி, அடுக்களையில் ஆயத்தமாகும் பண்டங்களுள் ஒன்று மிளகுத்தண்ணீர். மிளகும் சீரகமும் உள்ளியும் அம்மியில் நசுக்கப்பட்டுப் பழப்புளிக் கரைசலிற் கொதிக்கும். சிறிது தாளிதத்துடன் இறக்கப்படும். ஊனோ மாவோ அதிற் சேர்தல் வேண்டியதில்லை. இத்துணை எளிய பண்டம் கடல் கடந்து சென்று, ஆங்கிலப் பாகநூல்களில் ‘மலிகற்றோனி’ என்னும் பெயர் பூண்டு, கோழியும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் வாதுமை விழுதும் கலந்த கொழுஞ்சாறாக நிற்கின்றது. தமிழர் உண்ட மிளகுத்தண்ணீர் இதுவே என அந்நூலைப் படிக்கும் பிறநாட்டார் எண்ணுவராயின், அப்பிழைக்குக் காரணம் யாது? பழைய நூலொன்றில் அச்சேறியது என்பது பற்றியே ஒரு பாகமுறையை மெய்யென ஏற்றல் தகுமா? அடுக்களைக்கு மட்டுமன்றி, வரலாற்றுக் கல்விக்கும் உரிய வினா இது.

மலிகற்றோனி என்பது மிளகுத்தண்ணீர் என்னுந் தமிழ்ச்சொல்லின் திரிபே என்பதில் ஐயமில்லை. யூல், பேணெல் என்னும் இருவர் தொகுத்து 1886 இல் வெளியிட்ட ‘ஹொப்சன்-ஜொப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியும் இவ்வாறே பொருள் கூறுகின்றது. பெயர் தமிழ், பண்டமோ வேறு. 1861 இல் இலண்டனில் வெளிவந்த இசபெலா பீற்றன் அம்மையாரின் ‘இல்லற நிருவாக நூல்’ இதற்குக் கூறும் பொருள்களை நோக்குக: கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, வெங்காயம் ஆறு, உள்ளிப் பல் ஒன்று, இடித்த வாதுமை ஓர் அவுன்சு, எலுமிச்சை ஊறுகாய் அல்லது மாங்காய்ச்சாறு சிறிதளவு, கோழி அல்லது முயல் ஒன்று, கொழுப்பற்ற பன்றியிறைச்சித் துண்டங்கள் நான்கு, இறைச்சிச்சாறு ஏறத்தாழ நான்கரை இலீற்றர். மிளகு கறித்தூளுக்குள் மறைந்தது. தண்ணீர் இறைச்சிச்சாற்றுக்கு இடங்கொடுத்தது. மிளகுத்தண்ணீரில் மிளகும் தண்ணீரும் போன பின்னர் எஞ்சியது பெயர் ஒன்றே.

இப்பிழை ஒருவரின் வஞ்சகத்தால் விளைந்ததன்று. அதற்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, நூலைப் பார்த்து நூல் எழுதும் வழக்கம். பீற்றன் அம்மையார் தம் நூல் வெளிவந்தபோது இருபத்தைந்து வயதினர், தேர்ந்த சமையலாளரல்லர், முந்திய நூல்களிலிருந்து பாகமுறைகள் பலவற்றை எடுத்துத் தொகுத்தவர். அந்நூல் முதலாண்டிலேயே அறுபதினாயிரம் படிகள் விலைபோயிற்று என்பர். ஆகவே அதிலுள்ள ஒரு பிழை அறுபதினாயிரம் அடுக்களைகளுக்குச் சென்றது. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரும் நிலைமை இதுவே. 1747 இல் வெளிவந்த ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையற்கலை நூல், பாகமுறைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைப் பிற நூல்களிலிருந்து பெற்றது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

ஆங்கிலத்தில் அச்சேறிய கறி முறைகளுள் மிகப் பழையதாகக் கூறப்படுவது அந்நூலிலேயே உள்ளது. இந்திய முறைக் கறி என அது கூறுவதில், முதற்பதிப்பின்படி, கோழி அல்லது முயல், வெங்காயம், முப்பது மிளகு, ஒரு கரண்டி அரிசி, வறுத்த கொத்தமல்லி, உப்பு, தண்ணீர், வெண்ணெய் என்பனவே உள. கொத்தமல்லியை வறுப்பதற்குக் கூறப்பட்ட கருவி தூய்மையான ஒரு மண்வாரி! மஞ்சளும் இஞ்சியும் பிந்திய பதிப்புக்களிலேயே வந்து சேர்ந்தன. தேங்காய்ப்பாலும் பழப்புளியும் இல்லாத அப்பண்டத்தை வாவிக்கரைப் பெண் எவரும் கறியென ஏற்கார்.

இரண்டாவது காரணம், பொருள் கிடையாமை. பழப்புளியும் தேங்காயும் கறிவேப்பிலையும் இலண்டன் இல்லத்தரசிக்கு எளிதில் எட்டாதவை. ஆதலின் புளிக்கு எலுமிச்சையும் புளிப்பு அப்பிளும், தேங்காய்க்கு வாதுமையும் ஈடாயின. மூன்றாவது காரணம், உண்போரின் வழக்கம். தமிழர் சோற்றுடன் பிசைந்தோ, மருந்தாகவோ கொண்டதை, ஆங்கிலேயர் உணவின் தொடக்கத்தில் அருந்தும் ‘சூப்’பாகக் கொள்ள விரும்பினர். அவர்தம் விருப்புக்கு இணங்கிச் சென்னை மாளிகைகளின் சமையற்காரரே அதில் ஊன் சேர்த்திருத்தல் வேண்டும். எனவே இம்மாற்றத்தில் தமிழ்க் கைகளுக்கும் பங்குண்டு என்பதை மறத்தலாகாது.

அக்காலத்து நூல்கள் அனைத்தும் தவறின என்பதும் பொருந்தாது. சென்னைப் படையிற் பணியாற்றிய கேணல் கென்னி-ஹேர்பேட் என்பார் ‘வைவேன்’ என்னும் புனைபெயரில் 1878 இல் எழுதிய சமையற் குறிப்பு நூலில், மலிகற்றோனி என்பது மிளகு, தண்ணீர் என்னும் இரு தமிழ்ச்சொற்களாலாயது என்று விளக்கினார். எளிய மக்கள் பழப்புளி, செத்தல் மிளகாய், உள்ளி, கடுகு, வெந்தயம், மிளகு, கறிவேப்பிலை என்பவற்றை அரைத்துக் கொதிக்கவைத்து, நெய்யில் வதக்கிய வெங்காயத்தோடு சேர்க்கும் முறையையும் குறித்தார். பீற்றன் நூலுக்கும் இதற்கும் இடையே பதினேழு ஆண்டுகளே உள. ஒன்று பிழைபட, மற்றொன்று மெய்க்கு அணித்தாயிற்று. ஆகவே நூலின் பழமை சான்றாகாது. எழுதியவர் பண்டத்தைக் கண்டாரா, கேட்டாரா, பெயர்த்தெழுதினாரா என்பதே சான்றாகும்.

இனி, ஐயத்துக்குரிய பாகமுறையைச் சோதிக்கும் வழிகள் சில. முதலாவது, பொருள்களின் வரலாறு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, அன்னாசி, பப்பாளி, நிலக்கடலை யாவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492 இல் கொலம்பசு அக்கண்டத்தை அடையுமுன் இவற்றை ஆசியர் அறியார். போர்த்துக்கேயர் 1498 இல் கோழிக்கோட்டையும் 1505 இல் இலங்கையையும் அடைந்தனர். புளியந்தீவில் 1628 இல் கோட்டை கட்டி, 1638 இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். எனவே சோழர் காலத்து அரண்மனைப் பாகமென ஒரு நூல் கூறும் முறையில் மிளகாய் காணப்படுமாயின், அது பிற்காலத்தார் கைவண்ணமே. மொழியும் இதற்குச் சான்று பகரும். மிளகுபோற் காரமுடைய காய் என்பதால் மிளகாய் எனப் பெயர் வந்தது; பழையதன் பெயரைப் புதியது கடன்கொண்டது. மட்டக்களப்பில் வழங்கும் கொச்சிக்காய் என்னும் பெயர் அது கொச்சித் துறைமுகத்தின் வழி வந்ததைக் காட்டும் என்பர்.

இரண்டாவது, ஆசிரியர் பெயர். உரோம நாட்டுப் பாகநூலொன்று அப்பிசியசு என்பவர் பெயரால் வழங்குகின்றது. அப்பெயருடைய செல்வர் கி.பி. முதலாம் நூற்றாண்டினர், நூலின் இன்றைய வடிவமோ நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளிற் தொகுக்கப்பட்டது. வடமொழியிலுள்ள பாகதர்ப்பணம் நிடத மன்னன் நளனால் இயற்றப்பட்டதெனப்படும். சமையலில் வல்லவன் எனக் காவியம் போற்றும் ஒருவன் பெயரை நூலுக்கு இடுதல் மதிப்புக் கருதிய மரபேயன்றி வரலாறன்று.

மூன்றாவது, பெயர் ஒன்றாயிருப்பப் பண்டம் மாறுதல். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் ஏறத்தாழ 1130 இல் இயற்றிய மானசோல்லாசம் இட்டலியை ஒத்த பெயருடைய பண்டமொன்றைக் கூறுகின்றது, அஃது உளுந்தால் மட்டுமே ஆயது, அரிசி அதிலில்லை. இன்றைய இட்டலியை மனத்திற்கொண்டு அந்நூலைப் பிழையென்பதும், அந்நூலைக்கொண்டு இன்றைய இட்டலியைப் போலியென்பதும் ஒருங்கே தவறாம்.

இவ்விடத்து ஓர் உண்மையை வற்புறுத்தல் வேண்டும். பொய்ப்பட்ட பாகமுறை பயனற்றதன்று. அப்பிசியசு அந்நூலை எழுதாதிருக்கலாம்; ஆயினும் அதிலுள்ள முறைகளிற் பெரும்பாலானவற்றில் மிளகு இடம்பெறுவது, முசிறித் துறையிலிருந்து மேலைநாடு சென்ற வணிகத்தின் பெருமைக்கு மறுக்கவியலாத சான்று. பீற்றன் அம்மையாரின் மலிகற்றோனி தமிழர் உணவுக்குச் சான்றாகாது. ஆங்கிலேயர் தமிழர் உணவை எவ்வாறு தமதாக்கினர் என்பதற்கு நல்ல சான்று. அவ்வாறே, பழமை ஒன்றே மெய்ம்மை என்று கொள்வதும் பொருந்தாது. கொச்சிக்காயும் மரவள்ளியும் வந்தேறிகளே எனினும், அவற்றை நீக்கி மட்டக்களப்பு அடுக்களையை எண்ணிப்பார்த்தல் அரிது. ஒரு சமூகம் தன் கையாற் சமைத்துத் தன் மக்களுக்கு ஊட்டி நிலைநிறுத்தியது எதுவோ, அது அச்சமூகத்துக்கு உரியதே.

அவ்வாறாயின் வாவிக்கரை மக்களுக்கு உரியவை எங்கே எழுதப்பட்டுள்ளன? இங்குதான் கவலைக்கிடமுண்டு. குழம்புக்கு ஆணம் என்னும் பழந்தமிழ்ப் பெயரும், தேங்காய்ப்பாற் குழம்புக்குப் பாலாணம் என்னும் பெயரும் இப்பகுதியில் வழங்குவன. வாவி இறாலுக்கும் நண்டுக்கும் எருமைத் தயிருக்கும் உரிய பக்குவங்கள் பல. அவை பெரும்பாலும் தாயின் கையிலிருந்து மகளின் கைக்குச் சென்றனவேயன்றி ஏட்டில் ஏறியன அல்ல. கண்ணளவும் கைப்பிடியுமே அவற்றின் அளவைகள். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், 2004 திசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலையும், 2009 வரை நீடித்த போரும் குடும்பங்களை இடம்பெயர்த்தன. முதியோர் பலரைக் கொண்டுபோயின. ஒரு முதியவள் மறையும்போது அவளோடு மறையும் பக்குவங்களைப் பின்னர் எந்நூலகத்திலும் தேடிப் பெறல் இயலாது. எழுதப்படாத மெய் அழிய, எழுதப்பட்ட பிழை நிலைக்கும் என்பதற்கு மலிகற்றோனியினும் வேறு சான்று வேண்டுமோ?

இதற்குப் பரிகாரம் அரிதன்று. ஒவ்வொரு மாணவரும் தத்தம் இல்லத்திலேயே தொடங்கத்தக்கது. பாட்டியார் அள்ளும் கைப்பிடியை உலையிலிடுமுன் தராசிலிட்டு நிறுத்தல், சுண்டால் அளப்பதை அளந்தவாறே குறித்தல், முதற்பால் எப்போது சேர்ந்தது, அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பவற்றை நோக்கியெழுதல், சொன்னவரின் ஊரையும் எழுதிய நாளையும் சேர்த்தல், அயல்வீட்டார் வேறு விதமாகச் செய்வரேல் அதனையும் பக்கத்தில் எழுதல் — இவை போதும். ஒன்றுமட்டும் விலக்கத்தக்கது: கேட்டதை அழகுபடுத்தலும், இல்லாத பழமையை ஏற்றிக் கூறலும். பாட்டியார் கடைத்தூளை இட்டாராயின் கடைத்தூள் என்றே எழுதுக. அவ்வாறு எழுதிய குறிப்பு ஒரு பக்கமேயாயினும், பிற்காலத்து ஆராய்ச்சியாளர் மட்டக்களப்பார் உண்டது யாது என வினவும்போது, அச்சேறிய பெருநூல் பலவற்றினும் அதுவே நம்பத்தக்க விடையாகும்.