கண்ணாடித் தொட்டியில் பவளம்: நோயும் அதன் காரணமும்

கடற்கரையினின்று நெடுந்தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள இராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒருவர் தம் வீட்டில் கண்ணாடித் தொட்டி அமைத்து, அதில் உயிருள்ள பவளத்தை வளர்க்க முற்படின், கேட்போர் வியப்பர். ஆயினும் இக்காலத்தில் அஃது இயலாத காரியமன்று. இடர்ப்பாடு பின்னரே தோன்றுகிறது. பவளம் வெளுத்ததென்றும், சுருங்கியதென்றும், தசை உரிந்ததென்றும் கண்டவுடன் மருந்தைத் தேடி ஓடுவது பலர்க்கும் இயல்பு. அங்ஙனம் ஓடுவதற்கு முன்னர் நோக்க வேண்டியவை யாவை என்பதை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பவளம் கல்லுமன்று, செடியுமன்று, அது பிராணியே. சிறு வாயும் அதனைச் சூழ்ந்த உணர்கொம்புகளும் உடைய நுண்ணுயிர்கள் எண்ணிறந்தன கூடி வாழ்ந்து, கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தைக் கொண்டு தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவ்வீட்டையே முருகைக்கல் என்கிறோம். இவற்றின் தசைக்குள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியின் உதவியால் உணவை ஆக்கி, அதிற் பெரும்பங்கைத் தனக்கு இடமளித்த பவளத்திற்குக் கொடுக்கிறது. பவளம் தன் கழிவைப் பாசிக்கு உரமாக்குகிறது. இக்கூட்டுறவு குலைவதே பவளத்தின் பல நோய்களுக்குத் தொடக்கம்.

இராஜபாளையத்து நூற்பாலைகளில் நூல் அடிக்கடி அறுந்தால், அனுபவமுள்ளவர் உடனே பஞ்சைப் பழிப்பதில்லை; ஆலைக்குள் காற்றின் ஈரம் குறைந்துவிட்டதோ என்று அளவுகருவியை நோக்குவர். பவளத் தொட்டிக்கும் அதுவே முறை. பவளத்தை நோக்குமுன் நீரை நோக்குக. வெப்பம் 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். உப்பு ஆயிரம் பங்கில் 35 பங்கு. காரத்தன்மை 8 முதல் 11 டி.கே.எச்.; கால்சியம் பத்து லட்சம் பங்கில் 400 முதல் 450 பங்கு; அம்மோனியா சிறிதும் இருத்தலாகாது. இவ்வளவுகளை நாள்தோறும் அல்லது வாரந்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருபவர்க்கு, நோயின் காரணம் பெரும்பாலும் அக்குறிப்பேட்டிலேயே கிடைத்துவிடும்.

இனி அறிகுறிகளைப் பார்ப்போம். முதலாவது வெளுத்தல். வெளுத்த பவளமெல்லாம் இறந்த பவளமன்று. உருப்பெருக்காடியால் உற்று நோக்கும்போது, வெண்மையின்மேல் கண்ணாடிபோன்ற மெல்லிய தசையும் கொம்புகளும் காணப்பட்டால், பாசி மட்டுமே நீங்கியது. பவளம் பசியோடு உயிர்தரித்திருக்கிறது. வெறும் கல்லே தெரிந்தால் அவ்விடத்துத் தசை அழிந்தது. முன்னதற்குக் காரணம் பெரும்பாலும் மிகுந்த வெப்பம். சில வேளைகளில் திடீரென மிகுத்த விளக்கொளி. ஒளியைச் சற்றுக் குறைத்து, வெப்பத்தை மெல்லத் தணித்து, நுண்ணிய உணவு அளித்து வந்தால், சில வாரங்களிலோ மாதங்களிலோ பாசி மீண்டும் குடியேறக்கூடும்.

சித்திரை வைகாசி மாதங்களில் நம் பக்கத்து வீடுகளில் பிற்பகல் வெப்பம் 30 டிகிரியைக் கடத்தல் இயல்பு. அப்போது நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு விசிறியை வீசச் செய்தால், நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி தணியும். உள்நாட்டின் வறண்ட காற்று இதற்குத் துணை செய்கிறது. ஆனால் இதிலேயே இரண்டாவது இடர் மறைந்திருக்கிறது. கோடையில் கண்மாய் நீர் வற்றும்போது உவர்ப்பு மிகுவதை நாம் அறிவோம். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நூறு லிட்டர்த் தொட்டியில் ஐந்து லிட்டர் வற்றினால், 35 பங்கு உப்பு ஏறத்தாழ 37 பங்காகிவிடும். அந்நிலையில் பவளம் கொம்புகளை உள்ளிழுத்துச் சுருங்கிக் கிடக்கும். வற்றிய நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றுவது பெரும்பிழை, ஆர்.ஓ. இயந்திரத்திற் சுத்திசெய்த நன்னீரையே நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் கரைந்துள்ள பொருள்கள் தொட்டிக்கு ஆகா.

மூன்றாவது, அடியிலிருந்து தசை உரிதல். காரத்தன்மை திடீரென ஏறியோ இறங்கியோ இருக்கலாம். இதனைச் சரிசெய்யும்போதுதான் பலர் கெடுக்கின்றனர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவோர் பால் சுண்டும்வரை தீயைச் சீராக வைத்துக் கிளறுவர். அவசரப்பட்டுத் தீயை மிகுத்தால் அடிபிடிக்கும். அவ்வாறே காரத்தன்மையை நாளொன்றுக்கு ஒரு டி.கே.எச். அளவிற்குமேல் மாற்றலாகாது. தசை விரைந்து அழிந்துகொண்டே வருமாயின், அழிவின் எல்லைக்கு அப்பால் நலமாயுள்ள கிளையை வெட்டித் தனியே வைத்துக் காத்தல் வேண்டும்.

பவளம் முழுதும் பழுத்த நிறமாய் மங்கினால், மிகுந்த உணவால் நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெருகினவென்றோ, ஒளி போதவில்லையென்றோ கொள்க. ஓரிடத்தில் மட்டும் புண் கண்டால், இரவில் விளக்கை அணைத்தபின் கைவிளக்கோடு நோக்குக. அண்டைப் பவளம் தன் நீண்ட கொம்பால் கொட்டுவதும், மீன் கொறிப்பதும் அப்போது வெளிப்படும். மீன்நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்தைப் பவளத் தொட்டியில் ஒருபோதும் இடலாகாது. அது மீனைக் காத்துப் பவளத்தைக் கொல்லும்.

மேற்கூறிய வெப்பநோய் தொட்டிக்கு மட்டும் உரியதன்று. நமக்குக் கிழக்கே, தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை பரவிய மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப் பாறைகள் உள்ளன. 1986-ஆம் ஆண்டில் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. முன்னாளில் சுண்ணாம்பிற்காகவும் கட்டடத்திற்காகவும் அப்பாறைகளைப் பெயர்த்தெடுத்தனர். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருள் அமிழ்ந்துபோயின. கல்லெடுப்பு ஓய்ந்த பின்னரும் வெப்பம் ஓயவில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் அங்குப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல், நலமான பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் நட்டு வளர்த்து வருகின்றனர்.

ஆதலின் தொட்டி வைக்க விழைவோர் முதலில் வினவ வேண்டியது, பவளம் எங்கிருந்து வந்தது என்பதே. 2001-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக் கடல்களின் கல்பவளங்களும் கடல்விசிறிகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. அவற்றைக் கடலினின்று எடுத்தலும் விற்றலும் வாங்கலும் குற்றமாம். முறையான சான்றில்லாத பவளத்தை எவ்வளவு திறமையாய் வளர்ப்பினும் அது நற்செயல் ஆகாது.

தொட்டிநீர் சூடேறினால் நாம் விசிறி வைத்துத் தணிக்கலாம். மன்னார் வளைகுடாவிற்கு விசிறி வைப்பார் எவருமிலர். ஓரிரு டிகிரி வெப்பம் ஓருயிருக்கு என்ன செய்யும் என்பதை ஒரு சிறு தொட்டியின் முன்னிருந்து கற்றவர், கடலைப் பற்றிய செய்தியைப் பிறர்போல் எளிதிற் கடந்து போகார். அவ்வறிவே இப்பொழுதுபோக்கினால் நாம் பெறும் பெரும்பயன் என்க.